தகரத்துக்கும் சீமெந்துக்கும் நடுவே: கிளிவெட்டியின் வீட்டுக் கேள்வி

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவுக்கு அப்பால், மூதூர்ப் பட்டினத்திலிருந்து உள்நாடு நோக்கிச் செல்லும் வழியில் உள்ள கிளிவெட்டி, மகாவலி கங்கை கடலில் கலக்குமுன் கிளைகளாகப் பிரிந்து விரியும் வண்டல் நிலத்தில் வயலும் பற்றைக்காடும் சூழ அமைந்த வேளாண்மைக் கிராமம். கொட்டியாரப் பற்று என்று பழைய ஆவணங்கள் குறிக்கும் இந்நிலப்பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரையான மாரியில், வடகிழக்குப் பருவக்காற்றோடு கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அதன்பின் நிலம் படிப்படியாகக் காய்ந்து, மே மாதத்திலிருந்து ஆகஸ்ட் வரை கச்சான் காற்று மேற்கிலிருந்து அனலாக வீசும்போது வயல் வெடித்து, கிணற்று நீர் கீழிறங்குகிறது. ஆகவே இங்கே கட்டப்படும் ஒரு வீடு ஆண்டின் நான்கு மாதம் நீரைத் தள்ளவும், நான்கு மாதம் வெயிலைத் தடுக்கவும், எந்த மாதத்திலும் காற்றை உள்ளே விடவும் கடமைப்பட்டது. புயல் வரும் ஆண்டில் அதே காற்றை எதிர்த்து நிற்கவும் வேண்டும்.

நிலைபேறான கட்டடம் என்று இன்று பேசப்படுவது, ஒரு வீட்டைக் கட்டவும், அதில் வாழவும், ஒருநாள் அதை இடித்து அகற்றவும் தேவைப்படும் பொருளும் சக்தியும் நிலத்தின் தாங்குதிறனை மீறாதிருப்பதைக் குறிக்கும். இதில் இரண்டு கணக்குகள் அடங்கியுள்ளன. கல்லும் சீமெந்தும் இரும்பும் செய்யப்பட்டு வளவுக்கு வந்து சேரும்வரை செலவாகும் சக்தி உள்ளுறை சக்தி எனப்படும்; குடிபுகுந்தபின் மின்விசிறிக்கும் விளக்குக்கும் அடுப்புக்கும் செலவாவது பயன்பாட்டுச் சக்தி. நகரத்து அடுக்குமாடிகளில் இரண்டாவது கணக்கே பெரியது. மின்விசிறி ஒன்றும் விளக்குகள் சிலவும் மட்டுமே உள்ள கிராமத்து வீட்டிலோ முதற்கணக்கு முந்திக்கொள்கிறது. சுவரும் கூரையும் எதனால் ஆனவை என்ற கேள்வியே அங்கு பெரும்பாலும் எல்லாவற்றையும் தீர்மானித்துவிடுகிறது.

கொட்டியாரப் பற்றின் பழைய வீடு இந்தக் கணக்குகளின் பெயர் அறியாமலே இரண்டையும் குறைத்து வைத்திருந்தது. காட்டிலிருந்து வெட்டிய முதிரை அல்லது பாலைக் கம்புகளைக் கால்களாக நட்டு, அவற்றுக்கிடையே மெல்லிய தடிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வரிந்து கட்டி, அந்த வரிச்சின் இருபுறமும் வைக்கோல் துணுக்குச் சேர்த்துப் பிசைந்த களிமண்ணை அப்பி, காய்ந்தபின் புற்றுமண்ணால் மெழுகினால் சுவர் ஆயிற்று. கூரைக்குத் தென்னோலைக் கிடுகு, பனையோலை, இலுக்குப் புல், வைக்கோல் ஆகியவற்றுள் கைக்கு எட்டியது பயன்பட்டது. தரையைச் சாணத்தால் மெழுகினார்கள். முன்புறம் தாழ்ந்திறங்கிய கூரையின் கீழே திண்ணை இருந்தது. இவ்வமைப்பின் பௌதிகம் எளியது. ஓலைக் கூரை தன் இழைகளுக்கிடையே காற்றை அடைத்து வைத்திருப்பதால் வெயிலின் வெப்பம் கீழே இறங்குவதில்லை. தடித்த மண்சுவர் பகலில் வெப்பத்தை மெதுவாக உறிஞ்சி, இரவு வெளிக்காற்று குளிர்ந்தபின் மெதுவாகவே விடுகிறது. பொருளொன்று வெப்பத்தைத் தேக்கிவைக்கும் இப்பண்பை வெப்பத் திணிவு என்பர். தாழ்ந்த இறப்பு, மழையும் வெயிலும் சுவரைத் தொடாமற் காத்தது. பாழடைந்த மண்வீடு ஒன்றிரண்டு மாரியில் மீண்டும் மண்ணாகிவிடும். அகற்றவேண்டிய குப்பை என்று எதுவும் மிஞ்சாது.

இந்த வகை வீட்டைப் பற்றி எழுதிவைத்த ஐரோப்பியருள் முக்கியமான ஒருவரின் கதை இதே கொட்டியாரக் கரையில் தொடங்குகிறது. புயலில் பாய்மரம் சேதமுற்ற ‘ஆன்’ என்ற கப்பலில் இக்குடாவுக்கு வந்து, 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்ட றொபேட் நொக்ஸ், பத்தொன்பது ஆண்டுகள் கழித்துத் தப்பி, 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலில் கண்டி நாட்டு வீடுகளை விவரிக்கிறார்: கம்புகளால் கட்டிக் களிமண் பூசிய சிறிய, தாழ்ந்த, ஓலை வேய்ந்த குடில்கள் அவை, சுவர்கள் மிக வழுவழுப்பாக இருந்தன. குடிகள் மாடி எடுக்கவும், ஓடு வேயவும், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கவும் அனுமதிக்கப்படவில்லை என்றும் அவர் குறிப்பிடுகிறார். இந்தக் கடைசிச் செய்தியை மண்வீட்டின் பெருமை பேசுவோர் பெரும்பாலும் தவிர்த்துவிடுகிறார்கள். மண்ணும் ஓலையும் எளிய மக்களின் விருப்பத் தெரிவாக மட்டும் எக்காலத்திலும் இருந்ததில்லை; சில இடங்களில் அது கட்டளையாகவும், பல இடங்களில் வேறு வழியின்மையாகவும் இருந்தது. ஓடும் சுண்ணாம்பும் மேல்நிலையின் அடையாளமாக மாறியதும், இன்று சீமெந்து அவ்விடத்தைப் பிடித்திருப்பதும் ஒரே தொடரின் கண்ணிகள்.

பழைய வீட்டுக்கு உண்மையான குறைகளும் இருந்தன. கிடுகை ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். தென்னந்தோட்டமும் கூடிவேலை செய்யும் அயலும் இருந்த காலத்தில் இது திருவிழா போன்ற வேலையாக இருந்தாலும், கூலிக்கு ஆள் பிடிக்கும் காலத்தில் அது ஆண்டுதோறும் வரும் செலவாகிவிட்டது. கறையான் வரிச்சை உள்ளிருந்தே தின்றது. ஓலைக்குத் தீ எமன். கலவரமும் போரும் நிகழ்ந்த பிரதேசத்தில் இந்த ஒரு குறை மற்ற எல்லாக் குறைகளையும் விடப் பெரியது. வீட்டுக்குள் அடுக்கிய நெல் மூடைகளின் வாசம் பிடித்து வரும் காட்டுயானைக்கு மண்சுவர் ஒரு தடையே அல்ல. வெள்ளமோ சுவரின் அடியைக் கரைத்துவிடும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் அதற்கு முன் திருகோணமலைப் பகுதியைத்தான் தாக்கியது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது மகாவலிப் படுகை பெருவெள்ளத்தைக் கண்டது. இத்தகைய நிலத்தில், கற்சுவரும் உறுதியான கூரையும் வேண்டும் என்று ஒரு குடும்பம் விரும்பினால் அதை நாகரிக மோகம் என்று எள்ளி நகைப்பது நேர்மையாகாது.

கிளிவெட்டி என்ற பெயர் வெளியுலகுக்குத் தெரியவந்தது வயலாலும் குளத்தாலும் அன்று; அங்கிருந்த இடைத்தங்கல் முகாமால்தான். 2006இல் மூதூர் கிழக்கிலும் சம்பூரிலும் மூண்ட போரினால் இடம்பெயர்ந்த குடும்பங்கள் மட்டக்களப்பு வரை சென்று திரும்பியபோது, அவர்களின் ஊர்கள் 2007 மே மாதத்தில் வர்த்தமானி அறிவித்தல் மூலம் உயர்பாதுகாப்பு வலயமாக்கப்பட்டிருந்தன. பின்னர் அந்நிலத்தின் பகுதிகள் இந்திய அரச மின் நிறுவனத்தின் பங்கேற்புடன் அமையவிருந்த 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையத்துக்கும் கைத்தொழில் வலயத்துக்கும் ஒதுக்கப்பட்டன. சொந்த வளவுக்குப் போக வழியின்றிக் கிளிவெட்டியில் தங்கவைக்கப்பட்டவர்களுட் பலர், தற்காலிகம் என்று கட்டப்பட்ட தகரக் கொட்டில்களிலும் தறப்பாள் கூடாரங்களிலும் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார்கள். 2015க்குப் பின்னரே சம்பூரின் நிலங்கள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டன. நிலக்கரித் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. அதே சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின்நிலையத்துக்கான தொடக்க விழா 2025 ஏப்ரலில் நடந்தது.

தகரக் கொட்டில், கட்டடக்கலை நோக்கில், ஓலை வீட்டின் நேரெதிர். மில்லிமீற்றருக்கும் குறைந்த தடிப்புடைய உலோகத் தகடு வெயிலை வாங்கிய சில நிமிடங்களில் உட்புறத்தை நோக்கி வெப்பத்தைக் கதிர்வீசத் தொடங்குகிறது. வெப்பத் திணிவு என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. மாரியில் உட்புறம் வியர்த்துச் சொட்டுகிறது. கச்சான் காலத்து நண்பகலில் அதனுள் இருப்பது முடியாத காரியம் என்பதால் முகாம்வாசிகள் மர நிழலைத் தேடி வெளியே வாழ்ந்தார்கள். கட்டுவதற்கு விரைவானது, எண்ணுவதற்கும் கணக்குக் காட்டுவதற்கும் வசதியானது என்பதே அதன் தகுதி. இருப்பிடம் வழங்கும் அமைப்புகளின் வசதியும் அதில் வாழ்பவரின் வசதியும் ஒன்றல்ல என்ற பாடம் கிளிவெட்டியில் இவ்வாறு உடலாலே கற்கப்பட்டது.

போருக்குப் பிந்திய வீடமைப்பில் மிகப்பெரியது இந்திய அரசின் நன்கொடைத் திட்டம். 2010இல் அறிவிக்கப்பட்ட 50,000 வீடுகளில் பெரும்பகுதி வடக்கிலும், ஏறத்தாழ 4,000 வீடுகள் கிழக்கிலும் அமைந்தன. ஆயிரம் வீடுகள் கொண்ட முதற்கட்டத்தை ஒப்பந்தக்காரர் கட்டினர். 2012இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5,50,000 ரூபா தவணைகளாக வழங்கப்பட்டு, வீட்டை அவர்களே கட்டிக்கொள்ளும் முறை கையாளப்பட்டது. உரிமையாளர் வழிநடத்தும் முறை எனப்படும் இதில், மேசனைப் பிடிப்பதும் கல் வாங்குவதும் வாசலை எத்திசையில் வைப்பது என்று தீர்மானிப்பதும் குடும்பத்தின் பொறுப்பு. குறைகள் பல இருந்தன. பொருள் விலை ஏறியபோது பணம் போதாமற் போனது, ஆண் துணையற்ற குடும்பங்கள் மேசன்மாரிடம் ஏமாந்தன, பலர் கடன்பட்டனர். ஆயினும் அவரவர் வீடு அவரவர் வீடாக அமைந்தது. சுவாமி அறையும் வெளிக்குசினியும் வேண்டியவர் வைத்துக்கொண்டார்கள்.

அந்த வீடுகளின் சுவர் பெரும்பாலும் சீமெந்துக் கல்லாலானது. இதற்கு ஒரு போக்குவரத்து வரலாறும் உண்டு. திருகோணமலைக்கும் மூதூருக்கும் இடையே ஆறுகளும் களப்புகளும் குறுக்கிட்டதால் தரைவழியில் துறைக்குத் துறை பாதை என்னும் மிதவைகளில் ஏறி இறங்கவேண்டியிருந்தது. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டதும், 2011அளவில் ஏனைய துறைகளிலும் பாலங்கள் அமைந்ததும், சீமெந்து ஏற்றிய லொறி கிளிவெட்டி வளவின் வாசலுக்கே வந்து நின்றது. சீமெந்தும் தொலைவிலிருந்து வருவதன்று. குடாவின் மறுகரையில், திருகோணமலைத் துறைமுகத்திலேயே ரோக்கியோ சீமெந்து நிறுவனத்தின் ஆலை 1980களிலிருந்து இயங்குகிறது. ஆனால் அங்கு அரைக்கப்படும் கிளிங்கர் என்ற மூலக்கட்டி கப்பலில் இறக்குமதியாவது. சுண்ணாம்புக் கல்லைக் களியுடன் சேர்த்து ஏறத்தாழ 1,450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டு எடுப்பது கிளிங்கர். சுடும் எரிபொருளிலிருந்தும், சுடப்படும் சுண்ணாம்புக் கல்லிலிருந்தும் கரியமில வாயு வெளியேறுகிறது. உலகின் மொத்தக் கரியமில வாயு உமிழ்வில் ஏறத்தாழ 7 முதல் 8 வீதம் சீமெந்துத் தொழிலுடையது என்று கணிக்கப்படுகிறது.

சீமெந்துக்குத் துணைபோகும் மற்றப் பொருளான மணலும் இப்பிரதேசத்துடையதே. மகாவலியின் கீழ்ப்பகுதியிலிருந்து அள்ளப்படும் மணல் நாட்டின் பல பகுதிகளுக்குப் போகிறது. 1992இன் 33ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றே மணல் அள்ளவேண்டும் என்பது விதி. அனுமதியோடும் அனுமதியின்றியும் அள்ளப்படும்போது ஆற்றுப் படுக்கை தாழ்ந்து, கரை சரிந்து, உவர்நீர் மேலேறுவது ஆற்றோரத்து வேளாண்மைக்காரர் நன்கறிந்த விளைவு. ஒரு வீட்டுக்குத் தேவையான மணல் சிறிய அளவுதான். பல்லாயிரம் வீடுகளை ஒரே பொருளில், ஒரே தசாப்தத்தில் கட்டும்போதுதான் ஆறு அதை உணர்கிறது.

சீமெந்துக் கல்லின் போதாமையைக் காரணங்காட்டி வந்த மாற்றுத் திட்டம், விந்தையாக, அதைவிட மோசமானதாக அமைந்தது. 2016இல் மீள்குடியேற்ற அமைச்சு, வடக்கு கிழக்கில் 65,000 உருக்கு வீடுகளை அமைக்க ஆர்செலர்மித்தல் நிறுவனத்தைத் தெரிவு செய்தது. தொழிற்சாலையில் வார்த்த உருக்குச் சட்டங்களையும் தகடுகளையும் கொண்டுவந்து பொருத்தும் இவ்வீடு ஒன்றின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் கட்டடப் பொறியியலாளர்களும் பொருளியல் ஆய்வாளர்களும் இதனை எதிர்த்தனர். அதே பணத்தில் இரண்டு கல்வீடு கட்டலாம் என்பது முதல் வாதம். உப்புக்காற்றில் உருக்கு துருப்பிடிக்கும், வெயிலில் சுடும் என்பது இரண்டாவது. மூன்றாவது வாதமே ஆழமானது: மகளுக்குச் சீதனமாக ஓர் அறையை இறக்கிக் கட்டவும், வெடித்த இடத்தை ஊர் மேசனைக் கொண்டு பூசவும், பத்து ஆண்டில் வீட்டைச் சிறிது சிறிதாக வளர்க்கவும் பழகிய சமூகத்துக்கு, விரிக்கவும் திருத்தவும் முடியாத முடிந்த பொருளாக வரும் வீடு பொருந்தாது, மேசனுக்கும் ஓடாவிக்கும் கல்லரிபவருக்கும் போகவேண்டிய கூலி வெளிநாட்டுத் தொழிற்சாலைக்குப் போய்விடும். மாதிரி வீடுகளோடு அத்திட்டம் நின்றுபோனது. தகரக் கொட்டிலில் ஆண்டுகளைக் கழித்த ஊர்களுக்கு உலோக வீட்டைத் தீர்வாக முன்வைத்தவர்களின் துணிவை வியக்கத்தான் வேண்டும்.

இந்த விவாதம் விட்டுச்சென்ற கேள்வி, சீமெந்துக் கல்லின் உறுதியையும் மண்ணின் குளிர்ச்சியையும் ஊர்க்கூலியையும் ஒன்றுசேர்க்கும் சுவர் உண்டா என்பது. அதற்குக் கிடைக்கும் மிக நெருங்கிய விடை, நிலைப்படுத்தி அழுத்திய மண் கல். ஈரப்பதமான மண்ணுடன் சிறிதளவு, பொதுவாக 5 முதல் 10 வீதம் வரை, சீமெந்தைக் கலந்து, இரும்பு அச்சில் இட்டு நெம்புகோலால் இறுக்கி எடுத்து, சூளையில் வைக்காமல் நிழலில் நான்கு வாரம் ஈரமாக வைத்து ஆற்றினால் இக்கல் தயாராகிறது. 1950களில் கொலம்பியா நாட்டின் பொகோட்டாவில் உருவான சின்வாராம் என்ற கை அச்சு இதன் முன்னோடி. தமிழ்நாட்டு எல்லையிலேயே, புதுச்சேரிக்கு அருகில் 1968இல் தோன்றிய ஆரோவில், 1989 முதல் இதற்கென ஒரு மண் கட்டட நிறுவனத்தை நடத்தி, பல நாட்டவருக்கும் பயிற்சி அளித்துவருகிறது. அங்குள்ள பார்வையாளர் நிலையமே இக்கல்லால் எழுந்த கட்டடந்தான். இலங்கையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இதனை நெடுங்காலம் ஆராய்ந்தது. நாட்டின் கட்டளைகள் நிறுவனம் 2009இல் எஸ்.எல்.எஸ். 1382 என்ற தரநியமத்தை இக்கல்லுக்கென வெளியிட்டது. போருக்குப் பின் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியோடு ஹபிற்றாற் ஃபோர் ஹியூமானிட்டி அமைப்பு கிளிநொச்சி, முல்லைத்தீவு, மட்டக்களப்பு மாவட்டங்களில் மீள்குடியேறியோர் வீடுகளுக்கு இதனைப் பயன்படுத்தியது. ஆகவே வெருகல் ஆற்றுக்கு அப்பாலுள்ள மாவட்டத்தில் கையாளப்பட்ட முறையைக் கொட்டியாரப் பற்றுக்குப் புதுமை என்று ஒதுக்க இயலாது.

எல்லா மண்ணும் இதற்கு ஆகாது. ஆரோவில் நிறுவனம் சிறந்த கலவையாகக் காட்டுவது, சரளை 15 வீதம், மணல் 50, வண்டல் 15, களி 20 என்ற அளவு. கிளிவெட்டியின் வயல் மண் ஆறு கொண்டுவந்து படியவிட்டது என்பதால் களி மிகுந்தது. அது ஈரத்தில் உப்பி, காய்ந்ததும் வெடிக்கும். மேட்டுநிலத்துச் செங்கபில மண் பொருத்தமானது. வயல் மண்ணைப் பயன்படுத்த நேர்ந்தால் மணல் சேர்த்துத் திருத்தவேண்டும். இதனை அறிய ஆய்வுகூடம் தேவையில்லை. இலைமக்கு நிறைந்த மேல்மண்ணை நீக்கி, அதன் கீழுள்ள மண்ணை ஒரு கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்குக்கு இட்டு, நீர் நிரப்பிக் குலுக்கி ஒரு நாள் அசையாமல் வைத்தால், சரளையும் மணலும் அடியிலும், வண்டல் நடுவிலும், களி மேலுமாகப் படிந்து தத்தம் அளவைக் காட்டிவிடும். மேல்மண்ணை வீசியெறியாமல் வீட்டுத்தோட்டத்துக்குப் பரப்பினால், கல்லுக்கு மண் எடுத்த குழியே மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் சிறு குட்டையாக அமையும்.

சேர்க்கும் சீமெந்தையும் குறைப்பதற்கு வேளாண்மை ஊரிலேயே ஒரு பொருள் குவிந்து கிடக்கிறது. நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. உமியை எரித்தால் அதில் மீண்டும் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். அதாவது ஒரு தொன் நெல்லிலிருந்து 40 கிலோ சாம்பல் கிடைக்கிறது. அச்சாம்பலில் 85 வீதத்துக்கும் மேல் சிலிக்கா. 700 பாகைக்கு மேற்போகாமல் கட்டுப்பாடாக எரித்து, நன்கு அரைத்தால், அது சுண்ணாம்போடு சேர்ந்து சீமெந்துபோல் இறுகும் தன்மை பெறுகிறது. அளவுக்கு மீறிச் சூடேறினால் சிலிக்கா படிகமாகி அக்குணத்தை இழந்துவிடுவதால், அரிசி ஆலையின் பின்புறம் தானாக எரிந்து கிடக்கும் கருஞ்சாம்பலை அப்படியே அள்ளிக் கலப்பது பயன் தராது. அரிசி ஆலைகளும் பல்கலைக்கழகமும் இணைந்து செய்யவேண்டிய வேலை இது. தனி ஒரு குடும்பத்தின் மேல் சுமத்தக்கதன்று.

சுட்ட செங்கல்லே வேண்டும் என்போருக்கும் சிக்கன வழி உண்டு. இங்கிலாந்தில் 1917இல் பிறந்து, 1945இல் இந்தியாவுக்கு வந்து, கேரளத்தில் ஏழைகளுக்கான கட்டடக் கலைஞராக வாழ்ந்து 2007இல் மறைந்த லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு முறையில், செங்கற்கள் படுக்கையாக வைக்கப்படாமல் விளிம்பில் நிறுத்தப்பட்டு, சுவரின் நடுவே வெற்றிடம் விடப்படுகிறது. கல்லின் தேவை ஏறத்தாழ கால்வாசி குறைகிறது. நடுவே அடைபட்ட காற்று வெயிலைத் தடுக்கிறது. பூச்சும் தேவையில்லை. இதற்குத் தேவைப்படுவது புதிய பொருள் அன்று, பழகிய மேசன்.

இத்தனை வழிகள் இருந்தும் அவை ஏன் பரவவில்லை என்பதற்கு விலையும் தொழில்நுட்பமும் முழு விடையாகமாட்டா. எகிப்தின் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி 1940களின் பிற்பகுதியில் லக்சர் அருகே புதிய குர்ணா என்ற அழகிய மண்கட்டடக் கிராமத்தை எழுப்பினார். யாருக்காக எழுப்பப்பட்டதோ அம்மக்கள் அங்கு குடியேற மறுத்தார்கள். அவர்களைப் பழைய ஊரிலிருந்து அகற்றும் அரசின் நோக்கத்துக்கு அக்கிராமம் கருவியாக இருந்ததே அதற்குப் பெருங்காரணம். இலங்கையின் முதற்பெண் கட்டடக் கலைஞர் மினெற் த சில்வா 1950களில் கண்டி வத்தப்புளுவையில் அரச ஊழியர் குடியிருப்பை வடிவமைத்தபோது, குடிவரவிருந்தவர்களிடம் முதலில் வினாக்கொத்துக் கொடுத்து, அவர்களின் பழக்கங்களையும் பணநிலையையும் கேட்டறிந்தபின்பே வரைபடத்தைக் கையிலெடுத்தார். அக்குடியிருப்பில் மக்கள் குடியேறினார்கள். நொக்ஸ் காலத்தில் சுண்ணாம்பு விலக்கப்பட்டிருந்த மக்களின் வழிவந்தோரிடம், அரச உத்தரவாக மீண்டும் மண்சுவரைக் கொண்டுவந்தால், அதன் வெப்பத் திணிவைப் பற்றிய விளக்கம் காதில் ஏறாது. மண் கல் வீடு பரவவேண்டுமானால் பிரதேச செயலகமும் பாடசாலையும் வைத்தியசாலையும் முதலில் அக்கல்லால் எழவேண்டும். வசதியுள்ளவர் கட்டிக்கொண்ட பின்னரே வறியவரிடம் அது பரிந்துரைக்கப்படவேண்டும்.

மேலிருந்து வரும் பசுமைக் கட்டளையின் விளைவை இவ்வூர்களின் வேளாண்மைக்காரர் அண்மையிலேயே கண்டார்கள். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே அறிவித்தலில் தடைசெய்யப்பட்டது; மாற்றுப் பசளையும் பயிற்சியும் காலமும் இன்றி வந்த அத்தடையால் பெரும்போக விளைச்சல் வீழ்ந்தது, நவம்பரில் தடை விலக்கப்பட்டது. இயற்கை வேளாண்மை என்ற நல்ல சொல் அதனால் பட்ட காயம் இன்னும் ஆறவில்லை.

கூரையின் கதையில் உலக வணிகமும் புகுந்துகொள்கிறது. கல்நார் எனப்படும் அஸ்பெஸ்டஸ் கலந்த சீற் இலங்கையெங்கும் மலிவான கூரையாகப் பரவியுள்ளது. எவ்வகைக் கல்நாரும் புற்றுநோய் விளைவிக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. 2018 முதல் அதன் இறக்குமதியைத் தடைசெய்ய இலங்கை முடிவெடுத்திருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியொன்றில் வண்டு இருந்ததாகக் கூறி, கல்நார் ஏற்றுமதியில் முதலிடம் வகிக்கும் ரஷ்யா இலங்கைத் தேயிலைக்குத் தடை விதிக்க, கல்நார்த் தடையும் பின்போடப்பட்டது. ஏற்கெனவே போட்ட சீற்றை உடைக்காமலும் துளையிடாமலும் விட்டுவைப்பதே பாதுகாப்பு; புதிதாகக் கட்டுபவருக்கு ஓடே நல்ல தெரிவு. ஓடு கனமானது, காற்றுக்கு எளிதில் பறக்காது, இடுக்குகள் வழியே சூடு வெளியேறும். அதன் பாரத்தைத் தாங்கும் கைமரத்துக்கும் சலாகைக்கும் மரம் வேண்டுமே என்பதுதான் சிக்கல். பனங்கைமரம் இதற்கு வலுவானதாயினும் பனையைத் தறிக்க அனுமதி தேவை. நான்கு பக்கமும் சரியும் கூரையும், அதனைச் சுவரோடு இறுக்கும் இரும்புப் பட்டியும் புயலுக்குத் தாக்குப்பிடிக்க உதவும்.

வீட்டைச் சூழ்ந்த வாழ்க்கையில் செய்யக்கூடியவை சுருங்கச் சொல்லத்தக்கவை. 50 சதுரமீற்றர் கூரையில் ஆண்டுக்கு 1,600 மில்லிமீற்றர் மழை விழுந்தால், சிந்தியது போக 60,000 லீற்றருக்கு மேல் பிடிக்கலாம். கம்பிவலைமீது மெல்லிய சாந்து பூசிச் செய்யும் 5,000 லீற்றர்த் தொட்டி ஒன்று, குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 8 லீற்றர் வீதம், ஐந்து பேருக்கு நான்கு மாதக் கோடையைத் தாண்ட உதவும். 1980களில் இலங்கையில் உருவான அனகி என்ற இரட்டைவாய் மண் அடுப்பு, மூன்று கல் அடுப்பைவிடக் குறைந்த விறகில் சமைத்துத் தருகிறது. கிளுவையும் பூவரசும் நட்ட உயிர்வேலி, கம்பிவேலி தராத குழையையும் விறகையும் நிழலையும் தருகிறது. இவை எதுவும் கிளிவெட்டிக்குக் கற்பிக்கவேண்டிய புதுப்பாடங்கள் அல்ல. கிடுகு வேலியும் வெளிக்குசினியும் அறிந்த மூத்த பெண்களிடம் கேட்டால் இன்னும் நீண்ட பட்டியல் கிடைக்கும்.

2022இன் பொருளாதார நெருக்கடியில், அதற்கு முன் ஆயிரம் ரூபாவை ஒட்டியிருந்த 50 கிலோ சீமெந்துப் பையின் விலை மூவாயிரத்தைத் தாண்டியபோது, வடக்கிலும் கிழக்கிலும் பல அத்திவாரங்கள் அப்படியே நின்றுபோயின. பத்தில் ஒரு பங்கு சீமெந்தோடு நிற்கக்கூடிய சுவருக்கு அந்த ஆண்டு ஒரு நல்ல விளம்பரமாக இருந்திருக்கவேண்டும். மண் கல் அச்சும் பழகிய மேசனும் ஊருக்குள் இல்லாததால் அவ்வாறு ஆகவில்லை. மூதூர்ப் பிரதேசத்துக்கு ஒன்றிரண்டு அச்சு இயந்திரங்களை வாங்கிக் கிராம அபிவிருத்திச் சங்கங்களிடம் ஒப்படைப்பதும், தொழிற்பயிற்சி நிலையங்களில் மேசன் பயிற்சியோடு இதனைச் சேர்ப்பதும் மாகாண அரசின் கைக்கு எட்டிய வேலைகள். அதுவரை, வளவில் வீடு கட்ட எண்ணியிருக்கும் வாசகர் அடுத்த மாரிக்கு முன் ஒரு முழம் ஆழத்துக்குத் தோண்டி, ஒரு போத்தல் மண்ணைக் குலுக்கி வைத்துப் பார்க்கலாம்.